ஆன்லைன் பட்டாவில் வேறு ஒருவர் பெயர் வந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமா?

1971-ல் உங்கள் அப்பா கிரயம் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட். பத்திரம் கையில் இருக்கிறது, அன்றிலிருந்து உங்கள் குடும்பம்தான் உழுகிறது. இப்போது செல்போனில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தால், அப்பாவுக்கு நிலத்தை விற்றவருடைய மகனின் பெயர் பட்டாவில் வருகிறது. இ-சேவை மையத்தில் பணம் கட்டி மனு போட்டீர்கள், தள்ளுபடியாகிவிட்டது. “எல்லாத்தையும் ஆன்லைன் பண்ணிட்டோம்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது எவனோ காசு வாங்கிட்டுப் பேரை மாத்திட்டானா? இனிமே கம்ப்யூட்டர் சொல்றதுதான் சட்டமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிலம் இன்னும் என்னுடையதுதானா என்பது ஒன்று. அரசாங்கத்தின் திரையில் தெரிவதை எந்த அளவுக்கு நம்புவது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

நான் 1985-ல் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, 2019-ல் மண்டலத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பரப்பும் பட்டாதாரர் பெயரும் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் கையால் எழுதிய காலத்திலும் வேலை பார்த்திருக்கிறேன், வருவாய்த்துறையின் நிலப் பதிவுகள் இருக்கும் தமிழ்நிலம் மென்பொருளில் உள்நுழைந்து பட்டா மாறுதலுக்கு ஒப்புதலும் கொடுத்திருக்கிறேன். ஆனால் வக்கீல் இல்லை. உங்கள் பத்திரத்தையும் பழைய பதிவேட்டையும் நேரில் பார்க்கவும் இல்லை. அந்த வரம்புக்குள்தான் பேசுகிறேன்.

முதலில் உறுதியான விஷயம். பட்டா என்பது இந்த நிலத்துக்கு யாரிடம் வரி வாங்குவது என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் கணக்கு. சொத்துரிமை கிரயப் பத்திரத்திலிருந்தும் வாரிசுரிமையிலிருந்தும் வருகிறது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவருக்கு உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பட்டா காகிதத்தில் இருந்தாலும் கியூஆர் கோடு போட்டுக் கணினியிலிருந்து வந்தாலும் இது ஒன்றுதான். நம் நாட்டில் அரசு தன் நிலப் பதிவுக்குத் தானே உத்தரவாதம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு முறையைக் கொண்டுவர ஆந்திரத்தில் 2022-ல் ஒரு சட்டம் வந்து, எதிர்ப்பு கிளம்பி, 2024-ல் ரத்தானது. ஆக, முறையாகப் பதிவான பத்திரமும் ஐம்பது ஆண்டு அனுபவமும் உங்களிடம் இருக்கும்போது, திரையில் தெரியும் ஒரு பெயரால் நிலம் போய்விடாது. ஆனாலும் அந்தப் பெயரை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பெயர் எப்படி வந்தது? கணினியில் ஏற்றும்போது மாற்றியிருப்பார்கள் என்ற உங்கள் சந்தேகம் எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. காரணம், அது விற்றவருடைய மகனின் பெயர். தட்டச்சில் நடக்கும் தப்பு வேறு மாதிரி இருக்கும். எழுத்து மாறும், தகப்பனார் பெயர் விடுபடும், பரப்பு மாறும், மேல் வரியில் இருக்கிற பக்கத்து நிலத்துக்காரர் பெயர் கீழ் வரியில் விழும். விற்றவரின் வாரிசு பெயர் தட்டச்சுத் தப்பாக வர வழியில்லை. வாரிசு அடிப்படையில் யாரோ மனு கொடுத்து, யாரோ உத்தரவு போட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் விற்றவர் பெயரிலேயே பட்டா நின்றிருக்க வேண்டும். அதாவது, 1971-ல் பத்திரம் பதிந்த கையோடு உங்கள் அப்பா பட்டாவை மாற்றிக்கொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிவுத்துறை தனி, வருவாய்த்துறை தனி. பத்திரம் பதிந்தால் பட்டா தானாக மாறும் ஏற்பாடு அன்று கிடையாது. ஊர் நிலக் கணக்கை எழுதிய கர்ணம், அதாவது கணக்குப்பிள்ளை, நேரில் பார்த்து, “நீங்கதானே உழுறீங்க, கிஸ்தி (நிலவரி) கட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதிவைக்க வேண்டும் என்றுதான் பலரும் இருந்தார்கள்.

அந்த ஊர் அறிவு ஒரே நாளில் அறுந்துபோனது. 1980 நவம்பர் 14-ல் அவசரச் சட்டம் ஒன்றால் கர்ணம், முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த கணக்கு பொதுவில் வந்தது நல்லதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் எந்த நிலத்தைக் கிரயம் வாங்கியும் பட்டா மாற்றாமல் இருக்கிறார்கள் என்ற விவரம் அந்தக் கணக்குப்பிள்ளையின் தலையில்தான் இருந்தது. நான் பொறுப்பேற்ற கிராமத்தில் இரும்புப் பெட்டி நிறையப் பதிவேடு இருந்தது. இந்த வரி இன்றைக்கு யாரைக் குறிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அதே காலத்தில்தான் யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 1979-ல் தொடங்கி 1987 வரை ஓடியது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் கணக்கானது (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர்). பல கிராமங்களில் உட்பிரிவு எண்கள் மாறின. நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துப் பெயர் சேர்த்தார்கள், நீக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்த பெரிய வேலை. ஆனால் விசாரணைக்கு வந்த நாளில் வயலில் நின்ற அண்ணன் பெயர் மட்டும் ஏறி, வெளியூரில் வேலை பார்த்த தம்பி பெயர் விட்டுப்போன கதை தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் கிடைக்கும். “யு.டி.ஆர். தப்பு” என்று தாலுகா அலுவலகத்தில் சொன்னால் விளக்கம் கேட்க மாட்டார்கள், அவ்வளவு பழக்கமான சொல் அது. இப்போது நீங்கள் செல்போனில் பார்ப்பது அந்த யு.டி.ஆர். அ-பதிவேட்டின் நகல்தான். அதன் பிறகு வந்த மாறுதல்கள் மேலே ஏறியிருக்கின்றன. கணினிமயமாக்கும்போது யாரும் வயலுக்குப் போகவில்லை. பதிவேட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தட்டினார்கள்.

அந்தத் தட்டலில் நடந்த ஒரு தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 90-களின் இறுதி. எங்கள் கிராமத்துச் சிட்டா முழுவதையும் தட்டச்சு செய்து, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊர்க் கணக்குகளை ஆண்டுக்கொருமுறை தணிக்கை செய்யும் ஜமாபந்தி நெருங்கிய நேரம். கிராம உதவியாளர் பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, நான் அச்சில் டிக் அடித்தேன். இரவு பத்து மணி வரை மூன்று நாள். அதில் ஒரு வரியில் பரப்பு 0.40.5 ஹெக்டேர் என்று இருக்க வேண்டியது 0.04.5 என்று இருந்தது. 40 என்பது 04 ஆகிவிட்டது. கேட்கிற காதுக்கும் பார்க்கிற கண்ணுக்கும் அது தப்பிவிட்டது, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 40.5 ஏர் என்றால் ஒரு ஏக்கர். 4.5 ஏர் என்றால் 11 சென்ட். நிலத்துக்காரர் ஒரு விதவை அம்மா. சில வருடம் கழித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டபோது, கணினிச் சிட்டாவில் 11 சென்ட்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்து, “சாமி, என் ஒரு ஏக்கர் எங்கே போச்சு?” என்று கேட்டார்.

கையெழுத்துப் பதிவேடாக இருந்திருந்தால் சிவப்பு மையில் அடித்து எழுதி, வட்டாட்சியரிடம் சுருக்கொப்பம் வாங்கி அன்றைக்கே முடித்திருப்பேன். கணினியில் அந்த அதிகாரம் கிராம அளவில் இல்லை. அறிக்கை எழுதி, கோப்பு மேலே போய், கேள்வி திரும்பி வந்து, ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் அவருக்குக் கடன் இல்லை. இது வேண்டுமென்றே செய்த இறுக்கம் என்பதும் உண்மை. சிவப்பு மையால் நியாயமான திருத்தம் எவ்வளவு எளிதாக நடந்ததோ, அதே எளிதில் அநியாயமும் நடந்தது. இரண்டு வரிக்கு நடுவில் புதுப் பெயர் நுழைந்த பதிவேடுகளையும், பக்கம் கிழிந்துபோன பதிவேடுகளையும் என் கையால் புரட்டியிருக்கிறேன். இன்று எந்த உள்நுழைவிலிருந்து எந்தத் தேதியில் யார் ஒப்புதல் கொடுத்தார் என்பது நிற்கிறது. உங்கள் நிலத்தில் அந்த வாரிசு மாறுதல் கணினி வந்த பிறகு நடந்திருந்தால், உத்தரவு எண் கட்டாயம் இருக்கும். அது உங்களுக்கு நல்லது.

பக்கத்துக் கர்நாடகத்தில் பூமி திட்டம் என்று 2000-ஆம் ஆண்டு வாக்கில் செய்தார்கள். 67 லட்சம் விவசாயிகளின் சுமார் 2 கோடி பதிவுகளைக் கணினியில் ஏற்றிய பிறகு, கையால் எழுதிய நகல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். 15 ரூபாய் கொடுத்தால் தாலுகா மையத்தில் அச்சு நகல் கிடைத்தது. கணக்கரைத் தேடி ஊர் ஊராய் அலைந்த விவசாயிக்கு அது பெரிய விடுதலை. நம்மிடமும் மனுவில் கட்டண வில்லை (முத்திரை) ஒட்டி, என்னைப் போன்ற ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்து வந்து வாங்கிய சிட்டாவை இன்று யார் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தன் பட்டாவில் வேறு பெயர் இருப்பது நாற்பது வருடம் தெரியாமலே இருந்த குடும்பங்கள் இப்போதுதான் அதைக் கண்டுபிடிக்கின்றன. நீங்களும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தப்பைச் செய்தது பெரும்பாலும் பழைய காகிதம். அதை உங்கள் கண்ணில் காட்டியது கணினி.

உங்கள் மனு தள்ளுபடியான விஷயத்துக்கு வருகிறேன். பட்டா மாறுதல் மனுக்கள் உட்பிரிவு செய்ய வேண்டியவை, வேண்டாதவை என்று இரண்டு வகை. உட்பிரிவு வேண்டாதது கிராம நிர்வாக அலுவலரின் பரிந்துரையோடு மண்டலத் துணை வட்டாட்சியரிடம் வரும். உட்பிரிவு வேண்டியது நில அளவர் அளந்த பிறகு வட்டாட்சியரிடம் போகும். இரண்டிலுமே, யாரிடமிருந்து வாங்கினீர்களோ அவர் பெயர் பட்டாவில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு விற்றவர் தகப்பன், பட்டாவில் இருப்பது மகன். மனுவைப் பார்க்கிறவருக்கு இணைப்பு அறுந்து தெரியும். நின்று விசாரித்தால் பத்து நிமிடத்தில் புரியும். ஆனால் எத்தனை மனு எத்தனை நாளாக நிலுவை என்று மாவட்டத்திலிருந்து தினமும் திரையில் பார்க்கிறார்கள். கேள்வியோடு வைத்திருந்தால் நிலுவையாகத் தெரியும், தள்ளுபடி செய்தால் முடிந்ததாகத் தெரியும். அந்த அழுத்தத்தில் நானும் சில மனுக்களைத் தள்ளியிருக்கிறேன். ஊழியரைக் கண்காணிக்க வைத்த எண் மனுதாரரைப் பாதிக்கிற இடம் இது. இந்த நிர்வாகத்தில் அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. இன்னொன்றையும் பாருங்கள். மனுவில் யாருடைய செல்போன் எண் பதிவாகியிருக்கிறது? பல மையங்களில் அவசரத்துக்கு மைய நடத்துநர் தன் எண்ணையே போட்டுவிடுகிறார். விசாரணைக்கு வரச் சொன்ன குறுஞ்செய்தி அவருக்குப் போகும், நீங்கள் வரவில்லை என்று மனு தள்ளுபடியாகும்.

இப்போது ஆபத்து என்று சொன்னேனே, அது. 2018 பிப்ரவரியில் பதிவுத்துறைக்கு ஸ்டார் 2.0 மென்பொருள் வந்தது. அதையும் தமிழ்நிலத்தையும் இணைத்த பிறகு, சில கிரயங்களில் பட்டா தானாகவே மாறுகிறது. விற்பவர் பெயர் பட்டாவில் தனியாக இருந்து, அந்த உட்பிரிவு முழுவதையும் அவர் விற்றால் போதும். நேர்மையான கிரயத்தில் இது அருமையான வசதி. முன்பு மாதக்கணக்கில் அலைந்த வேலை, அலுவலகப் படி ஏறாமலே முடிகிறது. ஆனால் பட்டாவே தப்பான பெயரில் இருந்தால் என்ன ஆகும்? அந்த மகன் நாளைக்கு வெளியூர்க்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால், “அந்த நிலத்தை 1971-லேயே வித்துட்டாங்களே” என்று சொல்ல இடையில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் கிடையாது. பட்டா தானாகவே அந்த வெளியூர்க்காரர் பெயருக்குப் போய்விடும். பிறகு நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் ஜெயிக்கலாம், ஜெயிக்க வாய்ப்பும் அதிகம். ஆனால் அது வருடக்கணக்கு. விசாரணை என்ற தடுப்பு போனதால் லஞ்சத்துக்கான ஒரு வாசல் மூடியது. கூடவே, ஊர் அறிந்த உண்மை உள்ளே வருவதற்கான வாசலும் மூடியது.

எல்லைப் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புலப்படமும் இணையத்தில் கிடைக்கிறது. சங்கிலி பிடித்து அளந்த பழைய அளவுகளை கொலாப்லேண்ட் என்ற மென்பொருளில் ஏற்றி வரைந்தவை அவை. அதில் வரும் பரப்பும் அ-பதிவேட்டுப் பரப்பும் சில இடங்களில் ஒத்துப்போகாது. உங்கள் பத்திரத்தில் இருக்கும் 1 ஏக்கர் 20 சென்ட் சுமார் 48.5 ஏர். படத்தில் 48 என்றோ 49 என்றோ இருந்தால் பதற வேண்டாம். 40 என்று இருந்தால் நில அளவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது. மறுபடி இ-சேவையில் அதே மனுவைப் போடாதீர்கள், அதே காரணத்தால் அதுவும் திரும்பும். முதலில் மூன்று நகல்கள் வேண்டும். கையால் எழுதிய யு.டி.ஆர். அ-பதிவேடு, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு, மகன் பெயருக்கு மாற்றிய உத்தரவு. வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் மனு கொடுங்கள். இழுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். யு.டி.ஆர். பதிவேட்டில் தகப்பன் பெயர் இருந்தால் என் கணிப்பு சரி. அதில் உங்கள் அப்பா பெயரே இருந்து, பின்னால்தான் மாறியிருந்தால், கணிப்பு தப்பு, உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்போது அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் எந்த ஆவணத்தைப் பார்த்தார் என்று கேட்க வேண்டும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் 1971-க்குப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுக் கையால் தேடத்தான் வேண்டியிருக்கும். உங்கள் அப்பாவின் கிரயம் அதில் வருகிறதா, அதன் பிறகு மகன் தரப்பில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கிஸ்தி ரசீதுகள், அடங்கல் என்னும் பயிர்க் கணக்கில் உங்கள் பெயரில் பயிர் எழுதிய பசலி (வருவாய் ஆண்டு) பக்கங்கள், மின் இணைப்பு இருந்தால் அதன் ரசீது, எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். அப்பா இல்லாததால் வாரிசுச் சான்றும் வேண்டும். இவற்றோடு பட்டா மேல்முறையீட்டை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுங்கள். 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. காலக்கெடு தாண்டியிருக்கலாம். தாமதத்துக்கான காரணத்தை, அதாவது எந்தத் தேதியில் முதன்முதலில் செல்போனில் பார்த்தீர்கள் என்பதை, மனுவில் எழுதுங்கள். எதிர்த் தரப்பு உரிமையை மறுத்தால் வருவாய்த்துறை “நீதிமன்றம் போங்கள்” என்றுதான் சொல்லும். அந்தக் கட்டத்தில் என் பேச்சை விட்டுவிட்டு நல்ல உரிமையியல் வக்கீலைப் பாருங்கள்.

இதற்கிடையில் சார்பதிவாளருக்கு ஓர் ஆட்சேபனைக் கடிதம், 1971 பத்திரத்தின் நகலோடு, ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அது பதிவை நிறுத்திவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்த ஒப்புகை சாட்சியாக நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. அந்த மகனை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வாரிசு மாறுதல் செய்யும்போது அவருடைய அப்பா பெயரில் இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக மாற்றிக் கொடுத்திருப்பார்கள், உங்கள் நிலமும் அதில் சேர்ந்து வந்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் கோட்டாட்சியர் விசாரணைக்கு வந்து, “என் அப்பா வித்தது உண்மைதான், எனக்கு ஆட்சேபனை இல்லை” என்று வாக்குமூலம் கொடுத்தால், மற்ற எல்லாக் காகிதத்தையும் விட வேகமாக வேலை முடியும். விற்ற அந்தத் தகப்பனாரின் வயதொத்தவர்கள் ஊரில் இன்னும் யாராவது இருந்தால், அவரையும் கூட அழைத்துப் போங்கள்.